விட்டுக்கொடுத்தால் பிடிக்காத டீச்சர்

எங்கள் மலைக்குப் பஸ் வருவதற்கு முன்பே கேரம் பலகை ஜீப்பில் வந்துவிட்டது. அதே ஜீப்பில், பலகையை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு டீச்சரும் வந்தார்.

புதூர்நாட்டிலிருந்து ஒரு நடை மேலே இருக்கிறது எங்கள் ஊர். எழுபதுகளின் கடைசியில் அங்கே ஓட்டுக் கட்டடம் ஒன்று எழும்பியது. சுவரில் ‘மகளிர் மனமகிழ் மன்றம்’ என்று பச்சைப் பெயிண்டில் எழுதினார்கள். கீழே பட்டணத்தில் பெண்களுக்காக நடத்துகிற பொழுதுபோக்கு வகுப்புகளை மலைக்கும் ஏற்ற வேண்டும் என்று யாருக்கோ நல்ல புத்தி வந்திருக்கிறது. அந்தப் புண்ணியவான் மலையைப் பார்த்ததே இல்லை என்பது கதவில் ஆணியடித்து மாட்டிய அட்டவணையைப் படித்ததும் தெரிந்துபோனது. திங்கள் பூ அலங்காரம். செவ்வாய் கேரம். புதன் தையல். வியாழன் சமையல். வெள்ளி நடைப்பயிற்சி.

நடைப்பயிற்சி! தலையில் புளி மூட்டையோடு சந்தைக்கு இறங்கி, உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு அன்றைக்கே ஏறி வருகிற பொம்பளைகளுக்கு நடக்கக் கற்றுத்தரப் போகிறார்களாம். அட்டவணையைக் கூட்டத்துக்குப் படித்துக் காட்டியது நான்தான். காலையில் அதே கட்டடத்தின் முன்பக்கத்தில் பால்வாடி நடத்துகிறவள் நான். ஊரில் எழுத்துக் கூட்டத் தெரிந்த பொம்பளை அப்போது நான் ஒருத்திதான். நடைப்பயிற்சி என்றதும் எழுந்த சிரிப்பில் பால்வாடிப் பிள்ளைகள் பயந்து அழுதன.

டீச்சர் சிரிக்கவில்லை. “இன்னா சிரிப்பு? வெள்ளிக்கெழம வாங்க, யாரு மொதல்ல போறாங்கன்னு பாத்துடலாம்” என்றார்.

கண்ணமங்கலத்துப் பக்கம் அவருக்கு. நாற்பதை ஒட்டிய வயது. ஆள் குட்டை, குரல் பெரியது. கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. நைலான் சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிவிட்டார் என்றால் ஏதோ போட்டி ஆரம்பமாகிறது என்று அர்த்தம். அவர் பெயர் அட்டவணையின் கீழே இருந்தது. அதைச் சொல்லி நாங்கள் யாரும் கூப்பிட்டதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. டீச்சர் என்றால் மலையில் அவர் ஒருவர்தான்.

அந்த வெள்ளிக்கிழமை நடந்தோம். ஓடைக்கு அந்தப்பக்கம் இருக்கிற பலா மரம்வரை. டீச்சர்தான் முதலில் போய் மரத்தைத் தொட்டார். முகமெல்லாம் சந்தோஷம். திரும்பி எங்களைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

“ஒருத்திக்குக்கூட மூச்சு வாங்கல. ஒருத்திக்குக்கூட வேர்க்கல. இன்னா பண்ணீங்க?”

விருந்தாளியை முந்திக்கொண்டு போகிற வழக்கம் எங்களிடம் இல்லை என்று நான் பணிவாகச் சொன்னேன். அவ்வளவுதான், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பிச்சை போடுகிறீர்களா, என்னை என்ன பொம்மை என்று நினைத்தீர்களா என்று ஆரம்பித்து, கடைசியில் எங்களையெல்லாம் ஊர்வரைக்கும் திருப்பி அழைத்துப்போய் மறுபடியும் நடக்க வைத்தார். இந்தத் தடவை நாங்கள் எங்கள் நடையை நடந்தோம். மரத்தடியில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசித் தீர்த்த பிறகு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு டீச்சர் வந்து சேர்ந்தார். பேச முடியவில்லை. “அடுத்த… வெள்ளி…” என்று மட்டும் விரலைக் காட்டினார்.

ஒவ்வொரு வெள்ளியும் நடந்தார். ஒவ்வொரு வெள்ளியும் கடைசியாகத்தான் வந்தார். ஒருநாள் நிறைமாதமாக இருந்த ஒருத்தியை ஓடைக்கரையில் முந்திவிட்டார். அதற்கு ஊருக்கே பொரிகடலை வாங்கிக் கொடுத்தார். வெட்கமே இல்லையா என்று நான் வாய்விட்டுக் கேட்டேன். “அவ ஒண்ணும் வுட்டுக்குடுக்கலையே, நெசமாத்தானே நடந்தா?” என்று திருப்பிக் கேட்டார். அந்தப் பெண்ணும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

இதுதான் டீச்சர். தோற்கப் பிடிக்காதவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. எதிராளி விட்டுக்கொடுத்து ஜெயிப்பது தோற்பதைவிடக் கேவலம் என்று நினைக்கிற ஆளை நான் அவரிடம்தான் பார்த்தேன். பூ அலங்காரப் போட்டியில் தானும் கலந்துகொண்டு தனக்கே முதல் பரிசு கொடுத்துக்கொள்வார். “நல்லாப் பாத்துச் சொல்லுங்க, என்னுது நல்லால்லையா?” என்று சண்டைக்கு நிற்பார். தையல் வகுப்பில் ஊசியில் நூல் கோர்ப்பது யார் முதலில் என்று பந்தயம் கட்டுவார். வகுப்பு முடிகிறவரை நூல் கோர்த்துக்கொண்டேதான் இருப்போம். நான்கு வருஷத்தில் எங்கள் ஊரில் ஒருத்திகூட ரவிக்கை தைக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

அட்டவணையில் செவ்வாய் என்று இருந்தாலும் கேரம் தினமும் உண்டு. அதில்தான் பெரிய சிக்கல் வந்தது.

மலையில் யாரும் யாருக்கும் வெறும் ஆள் கிடையாது. எல்லோருக்கும் எல்லோரும் ஏதாவது ஒரு முறை ஆக வேண்டும். மாமன், மச்சான், கொழுந்தன், அத்தை மகள் என்றால் கேலி பேசலாம், முதுகில் ஒன்று போடலாம், ஆட்டத்தில் மண்ணைக் கவ்வ வைக்கலாம். அதெல்லாம் பிரியத்தில் சேர்த்தி. மாமியார், பெரிய ஓரகத்தி, மச்சாண்டார் என்றால் எதிரே நிமிர்ந்தே நிற்கக் கூடாது. மச்சாண்டார் என்பது புருஷனுடைய அண்ணன். அவர் வருகிற வழியிலிருந்து நாம் ஒதுங்க வேண்டும். நாம் இருக்கிற இடத்துக்கு அவரும் வர மாட்டார். பேச்சே கிடையாது. தப்பித் தவறி மேலே பட்டுவிட்டால் இரண்டு பேரும் தலைக்குக் குளித்து, ஊர்க்கூட்டத்தில் போய்த் தப்பு ஒத்துக்கொள்ள வேண்டும். மருமகனுக்கும் மாமியாருக்கும் நடுவிலும் இதே கட்டுப்பாடுதான். என் மச்சாண்டார்தான் ஊர் நாட்டார், அதாவது ஊருக்குத் தலைவர். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த நாள் முதல் அவர் முகத்தை நான் நேராகப் பார்த்ததில்லை. பாதத்தை வைத்துத்தான் எனக்கு அடையாளம் தெரியும்.

இப்படிப்பட்ட ஊரில் கொண்டுவந்து கேரம் பலகையை வைத்தால் என்ன ஆகும்? மாமியார் குறி வைத்த காயை மருமகள் தொடமாட்டாள். என் சின்ன ஓரகத்தி வெள்ளச்சி இடது கைக்காரி. எந்த மூலையில் இருக்கிற காயையும் சுண்டிக் குழிக்குள் இறக்கிவிடுவாள். என் கொழுந்தனுடைய பெண்டாட்டி அவள். நான் அவளுக்குப் பெரியவள். அதனால் நான் எதிரே உட்கார்ந்தால் அவளுக்குக் கை கோணிக்கொள்ளும். குழி வாசலில் நிற்கிற காயைக்கூடத் தவறவிட்டுவிட்டு, “ஐயோ, போச்சே” என்று சும்மா வருத்தப்படுவாள்.

டீச்சர் ஒரு வாரம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு ஸ்ட்ரைக்கரைப் பலகையில் ஓங்கி வைத்தார்.

“இன்னாம்மா இது? ஆளாளுக்குத் தோத்துக்கிட்டே இருந்தா ஆட்டம் எப்பதான் முடியறது?”

“விடிஞ்சாலும் முடியாதுங்க டீச்சர்” என்றாள் வெள்ளச்சி.

முறை விவரத்தை நான் எடுத்துச் சொன்னேன். டீச்சர் காதைப் பொத்திக்கொண்டார். “ஆட்டத்துல இன்னா மாமியாரு, மச்சாண்டாரு? காயப் பாத்து ஆடுங்க. எதிர்ல இருக்குற மூஞ்சியப் பாத்து ஆடாதீங்க.” அதைத் தினமும் சொன்னார். நாங்களும் தினமும் சரி என்றோம். மூஞ்சியைப் பார்த்துத்தான் ஆடினோம்.

அப்புறம் எங்களுக்கு ஒரு விஷயம் உறைத்தது. இந்த மலையில் ஒரு முறையும் இல்லாத ஒரே ஆள் டீச்சர்தான். அவருக்கு நாங்கள் மருமகளும் இல்லை, நாத்தனாரும் இல்லை. அவரை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். மறுநாளிலிருந்து அவரோடு ஆட வரிசை நின்றது. கேழ்வரகுக் களியைக் கிண்டி இறக்கிவைத்த கையோடு ஓடி வந்தார்கள். மாமியாரிடம் வாங்கிய பேச்சு, புருஷனிடம் வாங்கிய அடி, எல்லாவற்றையும் சேர்த்து டீச்சருடைய காய்களின்மேல் இறக்கினார்கள். டீச்சருக்கு அதைவிட ஆனந்தம் இல்லை. “வா, வா, இன்னும் கோவமா ஆடு” என்று கிராம்பை மென்றுகொண்டு ஒவ்வொருத்தியாகத் தோற்கடித்து அனுப்பினார்.

ஒருநாள் வெள்ளச்சி அவரை ஜெயித்துவிட்டாள். சிவப்புக் காய் உட்பட எல்லாம் அவள் பக்கம். டீச்சர் எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக, நான் பால்வாடி உப்புமாவுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது, வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. “எங்க அவ? வரச் சொல்லு.” மாட்டுக் கொட்டகையிலிருந்து சாணிக் கையோடு வந்த வெள்ளச்சியை உட்கார வைத்து ஆடி, ஜெயித்த பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது.

வெள்ளச்சி கொட்டாவி விட்டபடி கேட்டாள். “நேத்து நான் ஜெயிச்சது ஜெயிச்சதுதானுங்களே டீச்சர்?”

அதற்கு “ஆமாம்” என்று சொல்ல அவர் பட்ட பாடு இருக்கிறதே! ஆனால் சொன்னார். அந்த வாரச் சந்தையில் முன்பின் தெரியாத வளையல்காரரிடமெல்லாம், “எங்க மன்றத்துல ஒருத்தி இருக்கா, என்னையே அடிச்சிப்போட்டா” என்று பீற்றிக்கொண்டு திரிந்தார்.

மழை பெய்த ஒரு சாயங்காலம் மன்றத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தோம். ஏன் டீச்சர் இப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் பலகைமேல் பவுடரைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

“எங்கப்பா வூட்டுல எனக்கு ஒரு பங்கு இருந்துச்சி. அண்ணன் கேட்டான், குடுத்துட்டேன். புருசன் வேற ஒருத்தியக் கூட்டிக்கினு வந்தான், வூட்டையே வுட்டுட்டு வந்துட்டேன். வெளிய பூராவும் வுட்டுக்குடுத்துதான் வந்திருக்கறேன். இந்தப் பலகைக்குள்ளயும் வுட்டுக்குடுன்னா நான் எங்க போறது?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தால், அதற்குள் என் பக்கத்துக் காயெல்லாம் கட்டிப்போட்டதுபோல் முடங்கிக் கிடந்தன. “அழுதது போதும், ஆடு” என்றார். மனுஷி அந்த நேரத்திலும் ஒரு வாய்ப்பை விடவில்லை.

நான்காவது வருஷம் புளி உலுக்குகிற காலத்தில் வில்லங்கம் வந்தது. கீழேயிருந்து ஒரு புளி வியாபாரி என் மச்சாண்டாரைப் பிடித்தார். மலைப்புளி எல்லாவற்றையும் அடுக்கிவைக்க மன்றத்துக் கட்டடம் வசதியாக இருக்கும் என்றார். பொம்பளைகள் சாயங்காலத்தில் கட்டை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் நாட்டாருக்கும் முன்பே எரிச்சல். மன்றத்தால் பிரயோஜனம் இல்லை என்று மேலிடத்துக்குச் சொல்லியாகிவிட்டது. அதைப் பார்த்து முடிவு செய்ய ஒரு அதிகாரி மலைக்கு வருவதாகத் தகவல் வந்தது.

கட்டடம் போனால் டீச்சரும் போவார். என் பால்வாடியும் மரத்தடிக்குப் போகும். எல்லாவற்றுக்கும் மேலே, அடுப்புக்கும் மாட்டுக்கும் நடுவில் எங்களுக்கென்று கிடைத்திருந்த அந்த ஒரு சாயங்காலப் பொழுது போகும். அதற்கு முன்னால் எங்கள் ஊரில் எந்தப் பொம்பளையும் வேலை இல்லாமல் உட்கார்ந்ததே கிடையாது. காய்ச்சல் வந்தால்தான் உண்டு.

அதிகாரியைப் பற்றி ஜீப் டிரைவர் ஒரு துப்புக் கொடுத்தான். கேரம் என்றால் அவருக்கு உயிர். ஆபீஸில் எல்லோரும் அவரிடம் தோற்பார்கள். தோற்றவர்களுக்கு லீவு சுலபமாகக் கிடைக்கும்.

நாங்கள் எல்லோரும் டீச்சரைச் சூழ்ந்துகொண்டோம். ஒரே ஒரு ஆட்டம், ஒரே ஒரு தடவை தோற்றுவிடுங்கள் என்று கெஞ்சினோம்.

“எனக்குத் தோக்கத் தெரியாதும்மா.”

“கத்துக்குங்க டீச்சர். எவ்வளோ வகுப்பு நடத்தறீங்க, இதுக்கு ஒரு வகுப்பு நாங்க நடத்தறோம்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “உங்களுக்கோசரம் தோக்கறேன், போங்க” என்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வெளியே வந்ததும் வெள்ளச்சி என் காதில் சொன்னாள். “இந்தம்மா தோக்க மாட்டாங்கக்கா. நான் எதுக்கும் மஞ்சளக் கரைச்சி வெக்கறேன்.”

மஞ்சள் எதற்கென்றால், எங்கள் திருவிழா முடிகிற நாளில் மாமன் முறை, மச்சான் முறை ஆண்களைத் துரத்திப் பிடித்து மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். ஊற்றிவிட்டால் கோபதாபம் எல்லாம் தீர்ந்தது. நீ எங்கள் ஆள், உன்னை என்ன வேண்டுமானாலும் செய்வோம், நீ சிரித்துக்கொண்டு போக வேண்டும் என்று அர்த்தம். அதிகாரி தோற்றுப்போனால் உடனே அவரை மாமன் முறையாக்கிவிடுவது வெள்ளச்சியின் திட்டம். மாமன் தோற்றால் அவமானம் ஏது? அதில் ஓட்டை எதுவும் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், பிரமாதமான யோசனை என்றே நினைத்தோம்.

அதிகாரி வந்தார். வெள்ளை வெளேரென்று டெரிலின் சட்டை. என் மச்சாண்டார் வாசலுக்கு வெளியே நின்றார். நாங்கள் உள்ளே இருந்ததால் அவர் வர மாட்டார். அதிகாரி அட்டவணையைப் படித்தார், உதட்டைப் பிதுக்கினார், பலகையைக் கண்டதும் சட்டைக் கையை மடித்தார்.

“எங்க, நீங்கதான் பெரிய ஆட்டக்காரியாமே? ஒக்காருங்க.”

டீச்சர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தவறவிட்டார். மறுபடியும் தவறவிட்டார். வேண்டுமென்றே ஸ்ட்ரைக்கரைக் குழிக்குள் விட்டு மைனஸ் வாங்கினார். ஒவ்வொரு தடவையும் கழுத்து நரம்பு புடைத்தது. அதிகாரியோ, தானாக ஜெயிக்கத் தெரியாத ஆள். தவறிப்போன காயை விரலால் எடுத்து மறுபடி வைத்து, “இது கணக்கு இல்ல, கை வழுக்கிடுச்சி” என்பார். வெளியே நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள். டீச்சர் அதையும் விழுங்கினார். கடைசியில் அதிகாரிக்கு இரண்டு காய் மிச்சம், டீச்சருக்கு ஏறக்குறைய எல்லாக் காயும் பலகையில். சிவப்பு நடுவில் நின்றது. நான் மூச்சுவிட்டேன்.

அதிகாரி சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். “நல்லாவே வுட்டுக்குடுக்கறீங்க. பொம்பளைன்னா இப்படித்தான் இருக்கணும்.”

டீச்சர் வாயிலிருந்த கிராம்பைத் துப்பினார். எழுந்து, சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தார்.

வெள்ளச்சி, “அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுக்கப் போனாள்.

அப்புறம் அதிகாரிக்கு முறை வரவே இல்லை. ஒரு காய், இன்னொரு காய், அதற்குப் பின்னால் சிவப்பு, சிவப்போடு கூட ஒன்று, மூலையில் ஒட்டிக் கிடந்தது ஒன்று. டக் டக் என்று குழிக்குள் விழுகிற சத்தம் தவிர மன்றத்தில் வேறு சத்தம் இல்லை. தன் காயெல்லாம் குழிக்குள் போனதும் டீச்சர் கையிலிருந்த பவுடரைத் தட்டினார். “ஆட்டம் முடிஞ்சிதுங்க சார்” என்றார், ரொம்ப மரியாதையாக.

அதிகாரி எழுந்தார். முகம் இருண்டிருந்தது. நிலைமை கைமீறுவதற்குள் காப்பாற்றிவிட வேண்டுமே என்று, “மாமோவ்!” என்று கத்திக்கொண்டு ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்தாள் வெள்ளச்சி. நாங்கள் எல்லோரும் குலவை போட்டோம். அவர் சிரிப்பார் என்று காத்திருந்தோம். டெரிலின் சட்டையில் மஞ்சள் சொட்டச் சொட்ட அவர் எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்த பார்வையில்தான், மாமன் முறை என்பது கீழே செல்லாது என்று புரிந்தது.

பலன் சீக்கிரமே வந்தது. டீச்சருக்குச் சமவெளியில் எங்கேயோ மாற்றல். மன்றத்துக் கட்டடம் அந்தப் பருவத்துப் புளியை வைத்துக்கொள்ள வியாபாரிக்கு.

மூட்டைகள் வந்த அன்று வானம் கறுத்திருந்தது. கோடை மழை எப்போது வேண்டுமானாலும் கொட்டும். தூக்குகிறவர்கள் எல்லோரும் எங்கள் ஊர் ஆண்கள்தான். முதல் மூட்டைக்கு முன்னால் என் மச்சாண்டார் நடந்து வந்தார். டீச்சர் சாவியை வைத்துக்கொண்டு உள்ளே நின்றார். “வழி வுடுங்கம்மா, ஆர்டர் வந்தாச்சி” என்று வாசலில் கூடியிருந்த எங்களிடம் சொன்னார்.

எனக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்தது என்று தெரியாது. வாசற்படியில் உட்கார்ந்தேன். ஒதுங்கவில்லை.

மச்சாண்டாரின் பாதங்கள் நின்றன. நான் உட்கார்ந்திருக்கிற வாசலை அவர் தாண்ட முடியாது. என்னை எழுந்திரு என்றும் சொல்ல முடியாது, பேச்சு கிடையாதே. மூட்டைக்காரனை முதலில் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். மூட்டைக்காரனுக்கு மாமியார் முறை ஆகிறவள் சட்டென்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூட்டையோடு அவனும் நின்றான். அடுத்தவனுக்கு அவனுடைய தம்பி பெண்டாட்டி. அதற்கடுத்தவனுக்கு இன்னொரு மாமியார். எந்த ஆண் முன்னால் வந்தாலும் அவன் நெருங்கக் கூடாத ஒருத்தி வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தாள். எவன் கை எவள்மேல் பட்டாலும் ஊர்க்கூட்டம், தலைக்குக் குளியல். மூட்டைகள் அந்தரத்தில் நின்றன. வியாபாரி தானே ஒன்றைத் தூக்கப் பார்த்தார், இடுப்பு பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளேயிருந்து டீச்சரின் குரல் வெடித்தது. “இது அழுகுணி ஆட்டம்! மொறையச் சொல்லி ஜெயிக்கறீங்க! இப்பிடியா நான் சொல்லிக்குடுத்தேன்?”

“ஆமாங்க டீச்சர், அழுகுணிதான்” என்றாள் வெள்ளச்சி. “நீங்க வெளிய வந்துடாதீங்க.”

முதல் தூறல் விழுந்தது. நனைந்தால் புளி போச்சு. வியாபாரி கத்த, என் மச்சாண்டார் தலையைச் சொறிந்தார். கடைசியில் மூட்டையெல்லாம் அவருடைய மாட்டுக் கொட்டகைக்கே போயிற்று. அந்த அதிகாரி அதற்கப்புறம் மலை ஏறவே இல்லை. மன்றத்தைக் கேட்டும் யாரும் வரவில்லை.

டீச்சருடைய மாற்றல் மட்டும் அப்படியே நின்றது. அதைப் பற்றி ஒரு வார்த்தை அவர் மேலிடத்தில் கேட்கவில்லை. கேளுங்கள், நாங்கள் எல்லோரும் கைநாட்டு வைக்கிறோம் என்று நான் சண்டை போட்டேன். “பலகைக்கு வெளிய எனக்கு ஆடத் தெரியாதும்மா” என்றார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு குழி வாசல் காயை விடாத மனுஷி, தன் பிழைப்பை இப்படி யாரோ எடுத்துக்கொண்டு போக விட்டுவிட்டாரே.

போகிற அன்று ஜீப் வந்தது. டீச்சர் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஏறி உட்கார்ந்தார். பலகையை எங்களுக்கே விட்டுவிட்டார். வெள்ளச்சி ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“அந்த மஞ்சச் சட்டைக்கெல்லாம் மொறை வெச்சோம். உங்களுக்கு ஒரு மொறை வெச்சிருந்தா இன்னிக்கு வுட்டிருப்போமா டீச்சர்?”

“வெச்சிருந்தா நீ என்னை ஆட்டத்துல அடிச்சிருப்பியா?”

வெள்ளச்சி யோசித்தாள். “மாட்டேன்.”

“அப்ப இன்னாத்துக்கு அழற?” என்றார் டீச்சர். அவர் குரலும் சரியாக இல்லை.

டிரைவர் வண்டியைக் கிளப்பினான். நான் ஓடிப்போய் ஜீப்புக்கு முன்னால் நின்றேன். அவன் ஹாரன் அடித்தான். நான் நகரவில்லை. மறுபடியும் அடித்தான்.

டீச்சர் தலையை வெளியே நீட்டிக் கேட்டார். “இன்னா மொறையில நிக்கற நீ?”

ஒதுங்கி வழிவிட்டேன்.